ரெக்சின் முள்ளம்பன்றி

விடுமுறை வருகிறது என்றால் ஊரில் எல்லோருக்கும் மனசு லேசாகும். பஸ் சீட் தைக்கிற குஷன்காரருக்கு மட்டும் தூக்கம் போய்விடும். சனங்கள் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பினால் பஸ் வேண்டும். பஸ் என்றால் கிழியாத சீட் வேண்டும். இந்தப் பஸ் முதலாளிகள் இருக்கிறார்களே, பதினோரு மாதம் கிழிந்த சீட்டில் சனங்களை உட்காரவைத்துச் சுகமாக ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில்தான் திடீரென்று விழித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ரோட்டில் ஓட வேண்டும் என்பார்கள். என்னமோ சீட் கிழிந்ததே குஷன்காரர் செய்த குற்றம் போலப் பேசுவார்கள்.

ஒரு பஸ்ஸுக்கு நாற்பத்திரண்டு சீட். இந்த வருஷம் பட்டறையில் மூன்று பஸ் நின்றன. பழைய உறையைக் கிழித்தெடுக்க வேண்டும், அமுங்கிப்போன ஸ்பான்ஜை மாற்ற வேண்டும், ரெக்சினை வெட்டித் தைக்க வேண்டும், தைத்ததை ஸ்பான்ஜின் மேல் இழுத்து மாட்ட வேண்டும். அந்தக் கடைசி வேலையில்தான் ஆளின் முதுகு போகும். நம் குஷன்காரர் இருபது வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பார். சில நாள் கழற்றாமலே உள்ளே போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுவாள். அதனால் காலையில் மகளை எழுப்புவது, டப்பாவில் சாப்பாடு கட்டிப் பையில் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தத் திங்கட்கிழமை டப்பா பைக்குள் நேராக உட்கார மாட்டேன் என்றது. அடியில் ஏதோ தடுக்கிறதே என்று கையை விட்டுத் துழாவினார். பென்சில் சீவிய தூளோடு ஒரு காகிதம் வந்தது, நாலாக மடித்து, மடித்த இடம் வெளுத்துப்போய்.

பள்ளிக்கூடத்துக் காகிதம். விடுமுறைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, "காட்டில் ஒரு நாள்" என்று ஊர்வலம். ஒவ்வொரு பிள்ளையும் காட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றாக வேஷம் போட்டு வர வேண்டும். வேஷத்தைக் கடையில் வாங்கக் கூடாது, வீட்டில் இருக்கிற பொருளை வைத்துக் கையால் செய்ய வேண்டும். பெற்றோர் வந்து பார்க்கலாம். கீழே பெற்றோர் கையெழுத்துக்குப் போட்டிருந்த கோடு காலியாக இருந்தது. மேலே இருந்த தேதியைப் பார்த்தார். காகிதம் கொடுத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மகளுக்கு ஒன்பது வயது. கண்ணாடி முன்னால் நின்று தானே தலை பின்னிக்கொண்டிருந்தாள். இது என்ன என்று காகிதத்தைக் காட்டிக் கேட்டார். கண்ணாடியிலேயே அதைப் பார்த்தாள்.

"அது ஒண்ணும் இல்லப்பா. நான் மிஸ்கிட்ட சொல்லிட்டேன். வேஷம் போடாதவங்க கைதட்டுற பெஞ்சுல உக்காந்துக்கலாம். மூணு பேர் இருக்கோம்."

ஏன் வீட்டில் காட்டவில்லை என்றார். பஸ் வந்திருக்கிறதே என்றாள், ஏதோ வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைச் சொல்வது போல. பிறகு, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. போன வருஷமும் இதே வாரம், இதே மாதிரி ஒரு ஊர்வலம். அப்போது மகள் வாய் திறந்து கேட்டாள். மின்மினிப் பூச்சியாக வேண்டும் என்றாள். செய்துவிடலாம் என்றார். மறுநாளும் கேட்டாள், செய்துவிடலாம் என்றார். நாலு தடவை கேட்டாள், நாலு தடவையும் அதே பதில். ஊர்வலத்தன்று அவள் கண் விழிப்பதற்குள் பட்டறைக்குப் போய்விட்டார். பிள்ளை யூனிஃபார்மோடு போய் வரிசையில் நின்றது. சாயங்காலம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவரிடம், மின்மினி பகலில் எரியாதுதானே, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கடைசியாக என்ன கேட்டாள் என்று செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ரப்பர் தேய்ந்து போனால் விரலில் எச்சில் தொட்டு அழித்தாள். ஷூ கடித்தபோது பின்பக்கத்தை மடக்கிப் போட்டுக்கொண்டு நடந்தாள், டீச்சர் சொல்லித்தான் வீட்டுக்கே தெரிந்தது. எதையும் கேட்காத பிள்ளை என்று பட்டறையில் வேறு பெருமையடித்திருக்கிறார். நாசமாய்ப் போன பெருமை. ஒன்பது வயதில் கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளை பத்தொன்பதில் என்ன செய்யும்? தலைவலி என்றால்கூடச் சொல்லாது. யாரோ தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பது போல ஓரமாக இருந்துவிட்டு, ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடக்கும்போது, இந்த வருஷம் கட்டாயம் செய்கிறோம், என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டார். அவள் அவரை மரியாதையாகப் பார்த்தாள். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

"கல்லு."

"கல்லா?"

"காட்டுல கல்லு இருக்கும்ல. ஒரு சாக்கு இருந்தாப் போதும், நான் உள்ள குந்திக்குவேன். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைதான்."

சிரிப்பு வந்தது அவருக்கு. அந்த அஞ்சு நிமிஷத்தை நினைத்ததும் வந்த சிரிப்பு போய்விட்டது. செய்வதற்கு யாருக்கும் சிரமமே இல்லை, தானாக வந்து நிற்கும் என்று வைத்துக்கொள், அப்போது என்ன ஆவாய் என்று கேட்டார். அதற்குள் கேட் வந்துவிட்டது. அவள் உள்ளே போகும்போது திரும்பி, ஏதோ தப்புச் செய்துவிட்டது போல, "முள்ளம்பன்றி" என்றாள்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கச் சோடாத் தண்ணீரில் கிடக்கிற கை, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். கேட்டதும் கையை வெளியே எடுத்தாள்.

"நான்தாங்க சொன்னேன். போன வருஷம். அப்பாவுக்கு முதுகு சரியில்ல, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் கேக்காதடின்னு." கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வாரம்னுதான் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை தனக்கு லீவு கிடைக்காது, கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள், விடுமுறைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாள். ஆனால் மறுநாள் வரும்போது ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட இரண்டு கம்பளிகளைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். ஓரம் கிழிந்து, நூறு தடவை கொதிநீரில் வெந்து, பழுப்பும் சாம்பலுமாக ஒரு நிறத்துக்கு வந்திருந்தன. முள்ளம்பன்றிக்கு உடம்பு கிடைத்தாயிற்று.

முள்ளுக்குப் பட்டறையில் பஞ்சமே இல்லை. மூன்று பஸ்ஸில் வெட்டிப் போட்ட ரெக்சின் துண்டுகள் மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பழுப்பு, கறுப்பு, மாட்டுப்பால் வெள்ளை. சீட்டின் ஓரத்தில் மடித்துத் தைக்கிற பிளாஸ்டிக் பைப்பிங் முழநீளத் துண்டுகளாக நிறையக் கிடந்தது. ரெக்சினை நீள முக்கோணமாக வெட்டி, பைப்பிங்கைச் சுற்றி ஒட்டி, ஓரத்தில் மெஷின் ஓட்டினால் ஒரு முள். அடி கறுப்பு, நடு பழுப்பு, நுனி வெள்ளை என்று வருகிற மாதிரி துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஒரு முள்ளுக்கு மூன்று நிமிஷம் ஆனது. முள்ளம்பன்றி என்று சொல்லிக்கொள்ள முந்நூறு முள்ளாவது வேண்டும். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, பெருக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் தைத்தார். டீ நேரத்தில் தைத்தார். ராத்திரி பட்டறை அடைத்த பிறகும் இருந்து தைத்தார். பக்கத்து மெஷினில் உட்காரும் ஒல்லி, அவன் பேர் மட்டும்தான் ஒல்லி, வாய் நல்ல அகலம், முள்ளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "எந்த பஸ்ஸுக்கு அண்ணே இது? ஏறினவன் கடைசி வரைக்கும் நின்னுகிட்டே வருவானே" என்றான். பட்டறையே சிரித்தது. ஆனால் ஒல்லியே அடுத்த நாளிலிருந்து தன் சாப்பாட்டு நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்து முக்கோணம் வெட்டிக் கொடுத்தான். முதலாளி ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். வேஸ்டை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நேரத்தை மட்டும் எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் இப்படித்தான், நம்மிடம் இல்லாததை மட்டும் எடுக்க வேண்டாம் என்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் பட்டறைக்கு வந்து, முடித்து வைத்த சீட் ஒன்றில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது வழக்கம். ஒன்றும் பேச மாட்டாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் பட்டறையில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர். செவ்வாய்க்கிழமை அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது குஷன்காரர் அளவு நாடாவோடு போய் அளவெடுத்தார். எழுந்திரு என்று சொல்ல மனசு வரவில்லை. உட்கார்ந்தபடியே முதுகு, தோள், இடுப்பு, தொடை என்று அளந்து, சாக்பீஸால் மேஜை மேல் எழுதிக்கொண்டார். அவள் நிமிர்ந்து, பஸ் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டாள். முடியும் என்றார். புதன்கிழமையும் அதையே கேட்டாள். வியாழக்கிழமையும் கேட்டாள். முள் எத்தனை ஆயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் குவியல் பக்கம் கண் போய்ப் போய் வந்தது. அதை அவர் பார்த்தார்.

புதன்கிழமைக்கெல்லாம் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கண் எரிந்தது. கட்டை விரலில் ஊசி ஏறி, துணி சுற்றிக்கொண்டு தைத்தார். பஸ் சீட் தைக்கிறாரா, பன்றி தைக்கிறாரா என்று அவருக்கே சில நேரம் தெரியவில்லை. கை பாட்டுக்கு வெட்டியது, கை பாட்டுக்குத் தைத்தது. கம்பளியை வெட்டும்போது நின்று யோசிக்கிற அளவுக்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கம்பளிக்கு வெளியே முதுகிலும் கையிலும் ரெக்சின் வைத்து, அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு முள்ளையும் வரிசை வரிசையாக ஏற்றி, முன்பக்கம் பஸ் சீட்டுக்குப் போடுகிற பெரிய ஜிப் ஒன்றைத் தைத்து முடித்தார். மாட்டிப் பார்க்கவில்லை. சீட் உறையை இடையில் மாட்டிப் பார்க்கிற வழக்கம் பட்டறையில் கிடையாது. தைத்து முடித்து ஒரேயடியாக இழுத்து மாட்டுவதுதான். கித்தான் பை ஒன்றில் அதைச் சுருட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கே பட்டறைக்குப் போய் மூன்றாவது பஸ்ஸில் பாக்கியிருந்த எட்டு சீட்டை இழுத்து மாட்டினார். மகளை ஒல்லியின் மனைவி பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டாள். சீட்டையெல்லாம் வண்டியில் முடுக்கப் பன்னிரண்டு மணிக்குள் திரும்புவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்கு அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு, பாட்டு வைத்திருந்தார்கள். வராந்தாவில் அட்டை மரங்கள், காகித இலைகள், பழைய போர்வையில் இரண்டு கரடிகள், தலையணைப் பஞ்சு உதிர்த்துக்கொண்டு ஒரு முயல். மகள் ஒரு தூண் பக்கத்தில் யூனிஃபார்மோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே வந்துவிட்டாரா என்று ஊன்றிப் பார்த்தாள்.

பையிலிருந்து அதை எடுத்து உதறினார். முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்து நின்றன. சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மகள் ஒரு முள்ளின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கை நுழைந்தது. கால் நுழைந்தது. ஜிப் இடுப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இழுத்தார். இன்னும் கொஞ்சம் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. மகள் நிமிர்ந்து நின்றபோது இரண்டு பக்கத் தையலும் நெறநெறவென்றது. அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது, புரிந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சீட் உறையை ஒருபோதும் சரியான அளவுக்கு வெட்ட மாட்டார்கள். சுற்றிலும் ஒரு அங்குலம் குறைத்துத்தான் வெட்டுவார்கள். இழுத்து மாட்டும்போது ஸ்பான்ஜ் அமுங்கிக்கொடுக்கும், ரெக்சின் சுருக்கமில்லாமல் விறைத்து நிற்கும். குறைக்காமல் வெட்டினால் பத்து நாளில் தொளதொளத்துப்போகும். இருபது வருஷமாக அவர் கை அளவைப் பார்த்ததும் தானாக ஒரு அங்குலம் கழித்துவிடும், யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கைதான் மகளுக்கும் கழித்திருக்கிறது. போதாததற்கு அளவெடுத்ததும் உட்கார்ந்தபடி. பெற்ற பிள்ளையை ஒரு பஸ் சீட்டாக நினைத்து வெட்டித் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளை என்ன ஸ்பான்ஜா, அமுங்கிக்கொடுக்க?

அவள் அமுங்கிக்கொடுக்கத்தான் பார்த்தாள். அதுதான் கொடுமை. மூச்சை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கி, இரண்டு கையாலும் ஜிப்பைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். முகம் சிவந்து போயிற்று. இரண்டு எட்டு நடந்து காட்டினாள், முழங்கால் மடங்காமல்.

"சரியாத்தான்பா இருக்கு. மூச்ச கொஞ்சம் புடிச்சுக்கிட்டாப் போதும். பரவாயில்ல."

"கழட்டு."

"வேணாம்பா. நேரமாச்சு. நல்லாத்தான் இருக்கு."

முதுகு ஒப்புக்கொள்ளாதபோதும் அவர் சிமெண்ட் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, அக்குளிலிருந்து முழங்கால் வரை இரண்டு பக்கத் தையலையும் பிரித்துவிட்டார். மகள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருப்பாள். அவள் மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்து அவர் தலை மேல் பட்டது.

குஷன்காரர்களிடம் அரை வட்டமாக வளைந்த ஊசி ஒன்று இருக்கும். சீட்டைக் கழற்றாமலே, அது இருக்கிற இடத்தில் வைத்துத் தைப்பதற்கு. அவருடையது எப்போதும் நூல் சுற்றியபடி சட்டைக் காலரின் அடியில் குத்தியிருக்கும். கொண்டுவந்த கித்தான் பையை நீள வாக்கில் இரண்டாகக் கிழித்து, பிரித்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, மகள் உடம்பின் மேலேயே தைக்க ஆரம்பித்தார். குத்திவிடுமோ என்று அவள் சிலையாக நின்றாள். குத்தவில்லை.

பாதி தைப்பதற்குள் அவள் வகுப்பைக் கூப்பிட்டுவிட்டார்கள். கரடி, மரம், முயல் எல்லாம் போயிற்று. டீச்சர் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. மற்ற எல்லா வகுப்பும் போய் முடிந்ததும் கடைசியாகத் தனியாக வரட்டும், இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும், நிதானமாகத் தையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். குஷன்காரர் கால் மணியில் தைத்து முடித்தார். ஜிப்பை இறக்கி மறுபடி ஏற்றினார், வழவழவென்று ஏறியது. விலாப் பக்கம் கித்தான் வெளிறித் தெரிந்ததில் முள்ளம்பன்றி இன்னும் நிஜமாகத்தான் இருந்தது. மகள் குனிந்தாள், நிமிர்ந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள். முள் எல்லாம் அவளோடு சுற்றின.

"போய் முன்னாடி உக்காருங்கப்பா" என்றாள்.

போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனால் விடியற்காலையிலிருந்து அவர் உடம்பு உட்கார்ந்தது அப்போதுதான். இளம் வெயில் முதுகில் விழுந்தது. முதுகில் எங்கெங்கோ முடிச்சுப் போட்டிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் இலைகளாகப் போனார்கள். பெரிய வகுப்பு ஒன்று ஆறாக, நீலப் புடவை ஒன்றை ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் புடவை வந்துகொண்டே இருந்தது. அதற்கு முடிவே இல்லாதது போல இருந்தது. அதன் முடிவை அவர் பார்க்கவில்லை.

தோளை யாரோ உலுக்கினார்கள். மூன்றாவது பஸ்ஸா என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் திறந்தார். பாட்டு நின்றுபோயிருந்தது. முற்றத்தில் ஆளில்லை. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அவர் உட்கார்ந்திருந்ததையும் பக்கத்தில் இரண்டையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். துப்புரவு வேலை செய்கிற அம்மாள் காகித இலைகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே மகள், முள்ளோடு, வியர்த்து, முகமெல்லாம் பல்லாக.

"பாத்தீங்களாப்பா? நான் வந்ததும் எல்லாரும் எழுந்துட்டாங்க. ஒரு குட்டிப் பையன் பயந்துபோய் அழுதுட்டான். மிஸ் முள்ளைத் தொட்டுப் பாத்தாங்க. பாத்தீங்களா?"

இவர் கீழே பார்த்தபடி தூங்கியிருக்கிறார், மகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இப்போதுதான் கண் அசந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பார்த்தேன் என்ற வார்த்தை வாய்க்குள் தயாராக வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம், சாயங்காலம் மனைவிக்கும் சந்தோஷம். ஆனால் போன வருஷம் செய்துவிடலாம் என்றதும் இதே மாதிரி சுலபமாக வந்த வார்த்தைதான். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. இத்தனை அசதியில் பொய்யைச் சுமக்கவும் தெம்பில்லை.

"இல்லம்மா" என்றார். "தூங்கிட்டேன். நீ வந்ததை நான் பாக்கல."

மகள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எங்கே போவதென்று தெரியாமல். அவர் காத்திருந்தார். அடுத்து வரப்போகிற வார்த்தை அவருக்குத் தெரியும். இதற்கு முன் எத்தனையோ தடவை வந்ததுதான். பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தாள், தோளைக் குறுக்கினாள். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. உதடு கோணியது. பிறகு, அந்த வீட்டில் யாரும் கேட்டு ஒரு வருஷமாகிவிட்ட குரலில், ஓவென்று அழுதாள்.

"நான் உங்களைத் தேடினேன். நடக்கறப்ப பூரா தேடினேன். எல்லாரும் எழுந்து நின்னதால தெரியல. பின்னாடி எங்கயோ இருக்கீங்கன்னு நெனச்சு கைய ஆட்டினேன். உங்களுக்குத்தான் ஆட்டினேன்!" முள் முளைத்த கையால் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "மின்மினிக்கும் வரல. இதுக்கும் தூங்கிட்டீங்க. எப்பப் பாரு பஸ்ஸு, பஸ்ஸு, பஸ்ஸு."

ரெக்சின் நுனி பட்டால் நன்றாகவே வலிக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னொரு அடியும் வாங்கிக்கொண்டார். துப்புரவு அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். குஷன்காரருக்கு அவமானமாக இருந்தது, வலித்தது, கூடவே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பல நாள் கழித்து இறங்கி உட்கார்ந்தது. அழட்டும். இன்னும் கேட்கட்டும். எல்லாவற்றையும் கேட்கட்டும்.

அழுகை விக்கலாக மாறியதும் மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்ததில் கம்பளி ஈரமாயிற்று.

"அப்படியே உக்காருங்க" என்றாள். "நான் கேட்டுலேருந்து மறுபடியும் வரேன். நீங்க பாக்கணும். கண்ண மூடினீங்கன்னா உங்ககூட பேசவே மாட்டேன்."

கேட் பக்கம் ஓடினாள். அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முதலாளி. பன்னிரண்டு தாண்டிக் கால் மணி ஆகியிருந்தது. அதிரட்டும் என்று பையிலேயே போட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது, அவர் பார்க்கிறாரா என்று. பார்க்கிறார் என்று தெரிந்ததும் குனிந்து, முதுகை வளைத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு முள்ளையும் சிலுப்பிக்கொண்டு, காலி முற்றத்தில் நடந்து வந்தது. பாட்டு இல்லை. ரெக்சினோடு ரெக்சின் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. துப்புரவு அம்மாள் வழி விட்டு ஒதுங்கினாள். நடு முற்றத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி, அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். கண் எரிந்து நீர் கோத்துக்கொண்டது. இமைத்தால் மூடிவிட்டதாக நினைப்பாளே என்று இமைக்காமல் பார்த்தார்.

நாற்காலி வரைக்கும் வந்ததும் அவள் நின்று, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, இரண்டு கண்ணையும் மாறி மாறிச் சோதித்தாள்.

"இன்னொரு தடவை வரேன். எழுந்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்டை நோக்கி ஓடினாள். பையில் போன் திரும்பவும் அதிர ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.